உதறல் என்று பேர் வைத்த கோப்பு

தும்பிக்குப் பேச்சில் நூற்றுக்குப் பன்னிரண்டு மார்க் என்று மழலை வாரியத்திலிருந்து தகவல் வந்தபோது அவனுக்கு வயது ஏழு மாதம், பத்து நாள். கீழ்வரிசையில் ஒரே ஒரு பல் அப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டு தலைகாட்டியிருந்தது.

ஏழு மாதப் பிள்ளைக்கு என்ன மார்க் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த வருஷங்களில் யாரும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஊசி போடுகிற கையோடு வலது மணிக்கட்டில் ஒரு காப்பையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக் காப்பு இல்லை. ரப்பர் மாதிரி வளைகிற, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பிள்ளை போடுகிற சத்தம், உடம்புச் சூடு, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று அம்மாவின் போனில் ஒரு வார்த்தை காட்டும். பசி, தூக்கம், ஈரம், வலி, சூடு, பயம், வயிறு, தனிமை. மொத்தம் எட்டே வார்த்தைகள். அது சொன்னால் தொண்ணூற்றேழு சதவீதம் சரியாக இருந்தது.

காப்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காதில் சீழ் பிடித்ததும், நெஞ்சில் சளி கட்டியதும் முதல் நாளே தெரிந்துவிடும். ஏன் அழுகிறது என்று தெரியாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானும் அழுத அம்மாக்கள் அதன் பிறகு குறைந்து போனார்கள். எந்த வீட்டிலாவது பிள்ளை சிணுங்கினால் அம்மா முதலில் போனைப் பார்ப்பாள், பிறகு பிள்ளையைப் பார்ப்பாள். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

தும்பியின் அம்மா நறுமுகைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா செழியனுக்கும் கேட்காது. நறுமுகை மதுரையில் ஒரு பல் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து, ஊரில் பாதிப் பேருக்குப் பல் செட் செய்து கொடுப்பவள் அவள்தான். அவள் கூட்டாளிகள் அவளைக் கூப்பிடுகிற சைகைப் பேரும் அதுவே, கோரைப்பல்லை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார்கள். கையால் பேசுவதை எழுத்தில் அப்படியே இறக்கி வைக்க முடியாது. அதனால் அவள் பேசியதை, வாயால் பேசினால் எப்படி இருக்குமோ அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

மதுரையில் அந்தக் காப்பைக் கும்பிடாத குறையாக நம்பியவள் நறுமுகைதான். மற்ற அம்மாக்களுக்கு அது போனில் வார்த்தை காட்டியது என்றால், இவளுக்குக் கையில் கட்டியிருந்த கடிகாரம் அதிர்ந்து சொன்னது. அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள், கடிகாரம் அதிரும், ஓடுவாள். பிள்ளை பக்கத்து அறையில் அழுதது தனக்குத் தெரிந்ததே என்று முதல் மாதத்தில் சந்தோஷத்தில் இரண்டு தடவை அழுதிருக்கிறாள்.

ஐந்தாம் மாதத்தில் கடிகாரம் அதிர்வது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை சமர்த்து ஆகிவிட்டான் என்று பெருமைதான் பட்டாள். இந்த அம்மாவிடம் சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை என்று தும்பி கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான் விஷயம். அவள் வேண்டுமென்றால் அவள் தாடையில் பட்டென்று ஒன்று வைப்பான். தூரத்தில் இருந்தால் அவள் திரும்புகிற வரை கண்ணெடுக்காமல் பார்ப்பான். பால் வேண்டுமென்றால் உள்ளங்கையை மூடி மூடித் திறப்பான். அழுகை வந்தால்கூட முகம் முழுக்க அழும், தொண்டை அழாது. அது சரிதானா, ஒரு பிள்ளை அப்படி இருக்கலாமா என்று அவளுக்கு யோசிக்கத் தோன்றவே இல்லை. அவளும் அப்படி வளர்ந்தவள்தானே.

காப்பு மட்டும் யோசித்தது. சத்தம் குறைகிறது, மார்க் குறைகிறது என்று ஒவ்வொரு வாரமும் வாரியத்துக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தது.

பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் நறுமுகை மொழிபெயர்ப்பாளர் ஜமீலாவையும் கூட்டிக்கொண்டு போனாள். ஜமீலாவுக்குக் காது கேட்கும். அவளைப் பெற்றவர்களுக்குத்தான் கேட்காது. நறுமுகையைவிட இரண்டு வயது சின்னவள், "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

வாரியத்தின் அதிகாரி ஜெசிந்தா மோசமான ஆள் இல்லை. நன்றாகச் சிரித்தாள், தும்பியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள், தனக்கும் ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகச் சொன்னாள். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து ஒரு நீலத் துணியை எடுத்தாள். இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டுக்கொள்கிற மாதிரி தைத்த துணி.

"இது எதுக்கு மேடம்?" என்றாள் ஜமீலா.

"முன்னாடியெல்லாம் அம்மாமாருங்க கையை ஆட்டி, சொடக்குப் போட்டு, விளையாட்டுக் காட்டி பிள்ளையைக் கத்த வச்சு மார்க் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதனாலதான் இந்தத் துணி. அஞ்சு நிமிஷம் அம்மா எதிர்ல உக்காந்து பேசணும், பிள்ளை பதில் குடுக்கணும். கை வெளியே வரக்கூடாது."

"மேடம், இவங்க பேசுறதே கையாலதான்."

ஜெசிந்தா கொஞ்சம் தடுமாறினாள். விதிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். "எனக்கும் புரியுதும்மா. ஆனா இவங்களுக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு இந்த மார்க்கே செல்லாதும்பாங்க. பிள்ளைக்குக் காது நல்லா கேக்குது, டெஸ்ட் பண்ணியாச்சு. வாயால எவ்வளவு முடியுமோ அவ்வளவு குரல் குடுக்கச் சொல்லுங்க."

ஜமீலா சொன்னதைப் பார்த்துவிட்டு நறுமுகை கைகளைத் துணிக்குள் விட்டாள். எதிரே பாயில் தும்பி. அவள் தன் குரலை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்த பிறகு வெளி ஆட்கள் முன்னால் அவள் எடுக்காத குரல். அது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தும்பி திடுக்கிட்டதை மட்டும் பார்த்தாள்.

அவன் கையைத் தூக்கினான். மூடினான், திறந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், காத்திருந்தான். மறுபடி கையைத் தூக்கி மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினான். மறுபடி காத்திருந்தான். துணிக்குள் நறுமுகையின் விரல்கள் தானாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அவனுக்குத் தெரியவில்லை. உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கடைசியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

நடுவில் ஜெசிந்தாவின் போன் ஒளிர்ந்தது. 'தூக்கம்' என்று இருந்தது. வீட்டுக்கு இரண்டு வரி தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

மார்க் ஒன்பது.

ஒன்பதுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் விதி இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து தும்பி குரலகத்துக்குப் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு வண்டி வரும், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடும். ஒரு வருஷம். அங்கே கைப்பேச்சு கிடையாது, சத்தம் கொடுத்தால்தான் பால், சத்தம் கொடுத்தால்தான் பொம்மை. பெற்றவர்கள் ஆட்சேபம் சொல்வதானால் பத்து நாளைக்குள் சொல்ல வேண்டும்.

"கொடுமையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் பாத்துப்பாங்க" என்றாள் ஜெசிந்தா. "இவனுக்கு நாளைக்குப் பேச்சு வரலைன்னா நீங்களே என்னைய ஏசுவீங்க."

அந்த ஒரு வாக்கியம் நறுமுகையின் நெஞ்சில் தைத்துக்கொண்டது. வாரியம் சொல்வது உண்மையாக இருந்தால்? தன்னால்தான் பிள்ளை ஊமையாகிறான் என்றால்?

வீட்டுக்கு வந்து அவள் ஒரு காரியம் செய்தாள். நான் அதை மறைத்துவிட்டுப் போகலாம், ஆனால் அவளே பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. பேசுவதை நிறுத்தினாள். பிள்ளை முன்னால் கையைத் தூக்குவதில்லை என்று வைராக்கியம் வைத்தாள். துப்பட்டாவை எடுத்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தும்பி உள்ளங்கையை மூடித் திறந்தபோது தெரியாதவள் போல இருந்தாள். கடிகாரம் அதிர்ந்தால் மட்டும் கட்டை அவிழ்த்துப் பால் கொடுத்தாள்.

முதல் நாள் அவன் அவள் மேல் ஏறித் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். இரண்டாம் நாள் தாடையில் அடித்தான். பலமாகவே அடித்தான். மூன்றாம் நாள் வாயைத் திறந்து கத்தினான். கடிகாரம் அதிர்ந்தது. மறுபடி கத்தினான், மறுபடி அதிர்ந்தது. அன்று சாயங்காலம் காப்பு மார்க்கை முப்பத்தொன்று என்று காட்டியது. நறுமுகை துள்ளிக் குதித்தாள். செழியன் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்ப் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

செழியன் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். அதிகம் பேசாத ஆள். போனைப் பார்த்தான், பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான், உட்கார்ந்து கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முப்பத்தொண்ணு வாங்கிட்ட. சரி" என்றான் கையால். "அவன் ஏன் உன்னையப் பாக்க மாட்டேங்கிறான்?"

அவள் தும்பிக்கு நேரே போய்க் குனிந்தாள். அவன் கண் அவள் காதுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. இந்தப் பக்கம் வந்தாள், அவன் பார்வை அந்தப் பக்கம் போனது. முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். முகம் திரும்பியது, கண் திரும்பவில்லை.  நறுமுகை துப்பட்டாவைச் சுருட்டி எறிந்துவிட்டு, விட்டுப்போன மூன்று நாள் பேச்சையும் மொத்தமாகப் பேசினாள். மன்னிப்புக் கேட்டாள், கதை சொன்னாள், தெருவில் போன ஆட்டைக் காட்டினாள், அப்பாவைக் கேலி பண்ணினாள். அவன் பார்க்கவில்லை.

மறுநாளும் பார்க்கவில்லை. அவள் விடவில்லை. அதற்கும் மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. தும்பி மேலே பார்த்தான். வலது கையைத் தூக்கி மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு, இரண்டு நாளைக்கு அப்புறம், அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஃபேன்" என்றாள் அவள், அதே மாதிரி கையைத் திருப்பி. "ஆமாண்டா தங்கம், ஃபேன் நின்னுபோச்சு. வரும்."

அவன் மறுபடி திருப்பினான். அவளும் திருப்பினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பால் கேட்பதைத் தவிர அவன் உலகத்தில் சொன்ன முதல் வார்த்தை ஃபேன். பரிசோதனை அறையிலும் இதையேதான் சொன்னான், அங்கே ஏசி போட்டிருந்ததால் ஃபேன் ஓடவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மணிக்கட்டைத் திருப்புகிறபோதெல்லாம் அந்தக் காப்பும் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் காலையில் வாரியத்தில் ஜெசிந்தாவின் மேசைக்கு எதிரே நறுமுகை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜமீலா, மடியில் தும்பி. ஆட்சேபம் என்று எழுதி நீட்டியதை ஜெசிந்தா வாங்கிப் படித்தாள். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. காப்பு பிள்ளையின் கையில்தானே இருக்கிறது, கை என்ன செய்தது என்று அதற்குத் தெரியாதா?

ஜெசிந்தா மேசைப் போனை எடுத்தாள். காப்புகளைப் பராமரிக்கிற எஞ்சினியர் துவாரகேஷை மாடியிலிருந்து வரச் சொன்னாள். அவன் டீ கிளாஸோடு வந்து நின்றான்.

"தெரியும் மேடம்" என்றான். "அசைவு பாக்கிற சில்லு உள்ள இருக்கு. கை ஆடுனா நாடித்துடிப்பு சரியா விழாது. அதனால ஆட்டத்தைத் தனியாப் பிரிச்சு வேற கோப்புல தள்ளிருவோம். உதறல்னு அதுக்குப் பேரு."

"அந்தக் கோப்பை யார் பாக்குறது?"

"யாரும் பாக்கிறதில்ல. குப்பை மேடம் அது. பிள்ளைங்க சும்மாவே கை காலை உதறிக்கிட்டுத்தானே இருக்கும்."

ஜமீலா எல்லாவற்றையும் கைக்கு மாற்றினாள். குப்பை என்ற வார்த்தையையும் விடாமல் சொன்னாள். நறுமுகை நிமிர்ந்து உட்கார்ந்து, "அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அழிக்கக் கூடாது, மூணு வருஷம் வச்சிருக்கணும்னு விதி."

"அப்ப எடுங்க."

விதி என்று ஒன்று தனக்குச் சாதகமாக இருப்பதை நறுமுகை அன்றுதான் முதல் தடவை பார்த்தாள். துவாரகேஷ் டீயைக் கீழே வைத்துவிட்டு ஜெசிந்தாவின் திரையில் கோப்பைத் திறந்தான். தும்பியின் ஐந்தாம் மாதம். கோடு கோடாக வந்தது. சில இடத்தில் தாறுமாறாகக் கிறுக்கியிருந்தது.

"இது உதறல். குளிப்பாட்டும்போது, கோவம் வரும்போது வரும்" என்றவன் கொஞ்சம் நகர்த்தினான். நின்றான். முன்னால் போனான், பின்னால் வந்தான். "இது என்னன்னு தெரியல. இது வேற மாதிரி இருக்கு."

திரையில் மெதுவான அலைகள் தெரிந்தன. நாலைந்து அலை சேர்ந்து வரும். பிறகு வெறும் கோடு. மறுபடி நாலைந்து அலை. மறுபடி வெறும் கோடு.

"விநாடிக்கு ஒண்ணு வீதம் சீரா வருது. உதறல் இப்படி வராது" என்றான் துவாரகேஷ். "ஆனா நடுவுல நடுவுல ஏன் நிக்குது?"

நறுமுகை திரையைப் பார்த்தபடியே கையை அசைத்தாள். ஜமீலா அதை வாயால் சொன்னாள்.

"அங்க நான் பேசுறேன், அதான் நிறுத்தியிருக்கான்ங்கிறாங்க. அவன் பேசிட்டு நிறுத்துவானாம். இவங்க பதில் சொல்லுவாங்களாம். முடிஞ்சதும் அவன் பேசுவானாம்."

 தும்பி மேசை மேலிருந்த பேனாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். துவாரகேஷ் அதை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, பரிசோதனை நடந்த நாளைத் தேடி எடுத்தான். நாலு அலை. வெறும் கோடு. நாலு அலை. இன்னும் நீளமான வெறும் கோடு. அவன் விரலை வைத்து எண்ணினான்.

"பதினோரு தடவை" என்றான். "அந்த அஞ்சு நிமிஷத்துல இவன் பதினோரு தடவை கேட்டிருக்கான் மேடம்."

ஜெசிந்தாவின் முகம் வாடியது. நறுமுகை துவாரகேஷைத் தொட்டு, அதற்கு அடுத்த மூன்று நாளையும் காட்டச் சொன்னாள். முதல் நாள் அலை இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம். மூன்றாம் நாள், மார்க் முப்பத்தொன்று வந்த நாள், ஒரு அலைகூட இல்லை. "இது நான் பண்ணுனது" என்றாள் அவள். அதை மொழிபெயர்க்க ஜமீலாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ஜெசிந்தா விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் தன் வேலையை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "சரி. இது காது கேக்காதவங்க வீட்டுப் பிள்ளை. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கு. இந்த ஒரு பிள்ளைக்கு விதிவிலக்கு குடுக்கலாமான்னு நான் எழுதிக் கேக்கிறேன். அதுக்கு, மத்த பிள்ளைங்களுக்கு இப்படி இருக்காதுன்னு காட்டணும். காது கேக்கிற வீட்டுப் பிள்ளைங்க கோப்பு கொஞ்சம் எடுங்க துவாரக்."

அவன் கைக்கு வந்தபடி இருநூறு பிள்ளைகளின் கோப்பைத் திறந்தான். எல்லாம் மதுரைப் பிள்ளைகள், எல்லாம் நல்ல மார்க் வாங்கியவை. ஐந்தாம் மாதத்தில் நிறுத்தினான்.

அலைகள். நாலைந்து சேர்ந்து வந்து, நின்று, மறுபடி வந்தன. அடுத்த பிள்ளை, அதே அலைகள். அதற்கு அடுத்தது. அவன் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனான். இருநூறிலும் இருந்தது.

"இருக்கே" என்றான் மெதுவாக.

இருந்தது. ஆனால் நகர்த்த நகர்த்த நடுவில் வருகிற வெறும் கோடு நீண்டுகொண்டே போனது. பிள்ளைகள் கேட்டுவிட்டுக் காத்திருந்தன. அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தன. ஆறாம் மாதக் கடைசியில் அலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாயின. ஏழாம் மாதத்தில் ஒன்றிரண்டைத் தவிர எந்தக் கோப்பிலும் அலையே இல்லை.

ஜமீலா மொழிபெயர்க்க மறந்து நின்றாள். நறுமுகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, திரையே சொன்னது. தன் பிள்ளை பேச்சை விட்ட அந்த மூன்று நாளை அவள் ஊர் முழுக்கப் பார்த்தாள். வாரியத்தின் மேல் இருந்த கோபம்கூட அந்த நேரத்தில் அவளுக்கு மறந்து போனது. அத்தனை பிள்ளைகளுக்காகவும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இவங்க அம்மாவெல்லாம் பாக்கலையா?" என்று கேட்டாள்.

"போனைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றான் துவாரகேஷ். "நாங்கதான் பாக்கச் சொன்னோம். பிள்ளை கத்துனா போன்ல பதில் வரும், உடனே யாராச்சும் ஓடி வருவாங்க. கையைத் தூக்குனா யாரும் வரமாட்டாங்க. எது பலிக்குதோ அதை வச்சுக்கிட்டு மத்ததை விட்டுருச்சுங்க. இந்தக் காப்பு பிள்ளைங்க பேச்சைப் புரிஞ்சுக்கிட்டதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன் மேடம். பிள்ளைங்கதான் காப்போட பேச்சைக் கத்துக்கிட்டிருக்குங்க."

ஜெசிந்தா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "நிலானியோடது இருக்கா?"

"யாரு மேடம்?"

"என் பொண்ணு."

அவன் தேடி எடுத்தான். நிலானிக்கு அலைகள் கொஞ்சம் துடுக்காக, ஐந்தும் ஆறுமாக வந்தன. நிறைய இருந்தன. இருபத்தாறாவது வாரம் வரை இருந்தன. ஜெசிந்தா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். போன் மேசையில் ஒளிர்ந்தது. அவள் பார்க்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தும்பியின் வாயிலிருந்த பேனாவைப் பக்குவமாக வாங்கி, புடவைத் தலைப்பில் துடைத்து, குரலகத்துக்கு அனுப்பும் உத்தரவின் குறுக்கே எழுதினாள். மேல்விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது. இந்தக் குழந்தையோடு இன்னும் இருநூறு குழந்தைகளின் கோப்பும் இணைக்கப்பட்டுள்ளது. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீலத் துணியை எடுத்துப் பரண் மேல போடுங்க" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

மேல்விசாரணைக்கு மூன்று வாரம் ஆனது. குரலக உத்தரவு அடியோடு ரத்தாயிற்று. வாரியம் தன் தப்பை ஒப்புக்கொள்ள இன்னும் நாளாகும் என்று துவாரகேஷ் சொன்னான். ஆனால் எல்லா அம்மாக்களுக்கும் ஒரு சுற்றறிக்கை மட்டும் போயிற்று. உடம்பு சரியில்லாத நாள் தவிர மற்ற நாளில் பகலில் இரண்டு மணி நேரம் காப்பைக் கழற்றி வையுங்கள், பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள் என்று. காரணம் போடவில்லை. மதுரையில் பாதிப் பேர் காரணம் கேட்டு வாரியத்தை உண்டு இல்லை என்று பண்ணினார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நறுமுகை வீட்டு வாசல் விளக்கு மினுமினுத்தது. அவர்கள் வீட்டில் அழைப்புமணிக்குப் பதில் அதுதான். கதவைத் திறந்தால் ஜமீலாவும், இடுப்பில் குழந்தையோடு ஜெசிந்தாவும் நின்றார்கள். நிலானியின் மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஒரு உதவி கேட்டு வந்தேன்" என்றாள் ஜெசிந்தா. அலுவலக மிடுக்கெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "பத்து நாளா எதிர்ல உக்காந்து பாக்கிறேன். ஒண்ணும் புரிய மாட்டேங்குது. அவளும் என்னையப் பாக்கிறா, நானும் அவளைப் பாக்கிறேன். ரெண்டு பேரும் பரிச்சைக்கு வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கோம். நீங்க பாத்தா தெரியும்ல, அவ என்ன சொல்றான்னு."

நறுமுகை காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளையும் பாயில் விட்டார்கள். தும்பி விருந்தாளியின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, சலித்துப் போய்த் தன் பந்தைத் தேடிப் போய்விட்டான். நிலானி அம்மாவுக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு விரல்களால் கோரைப்பாயைச் சுரண்டினாள். நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இதோ, இதான். இதை இப்பத்தான் ரெண்டு நாளாப் பண்ணுறா" என்று ஜெசிந்தா பரபரத்தாள். "என்ன சொல்றா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நறுமுகை. "அவ உங்களைத்தானே பாக்குறா."

"இல்ல, உங்களுக்கு இதுல பழக்கம் இருக்குமே..."

"எனக்கு என் பிள்ளை பேசுறது தெரியும். இது உங்க வீட்டுப் பேச்சு. நீங்கதான் பாக்கணும்."

ஜமீலா அதைச் சொல்லிவிட்டு, ஜெசிந்தா எதுவும் தப்பாக எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று முகத்தைப் பார்த்தாள். ஜெசிந்தா கைப்பையைத் துழாவிப் பால் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நிலானி தலையைத் திருப்பிக்கொண்டாள். தூக்கிக்கொள்ளப் போனாள். குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு மறுபடி கீழேயே இறங்கினாள். பாயைச் சுரண்டினாள். நிறுத்தினாள், பார்த்தாள்.

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குச் செய்ய வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. தோற்றுப் போனவள் மாதிரி பாயில் கையை ஊன்றினாள், ஏதோ நினைப்பில் அவளும் விரலால் பாயைச் சுரண்டினாள். நிறுத்தினாள்.

நிலானியின் முகம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கையைக் கீழே கொண்டுவந்து சுரண்டினாள். நிறுத்தினாள். ஜெசிந்தா சுரண்டினாள். குழந்தை முடிக்கும் வரை காத்திருந்து அம்மா, அம்மா முடிக்கும் வரை காத்திருந்து குழந்தை. நாலாவது தடவை நிலானி ஒரு கத்துக் கத்தினாள். சந்தோஷக் கத்தல். நறுமுகைக்கு அது கேட்கவில்லை, ஆனால் அந்த வாயையும் அதில் இருந்த இரண்டு பல்லையும் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன வேணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே இவ" என்றாள் ஜெசிந்தா, குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணும் வேணாம் போல" என்றாள் நறுமுகை.

ஜமீலா அதைச் சொல்லிப் பார்த்தாள். ஜெசிந்தாவின் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவள் பாயோடு பாயாகக் குனிந்து, தன் முறை வருவதற்காகக் காத்திருந்தாள். ஜமீலா காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, இங்கே தனக்கு வேலை இல்லை என்று நறுமுகையிடம் கையால் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.